பிளிட்ஸ்: ஒரு சொல்லின் சரித்திரம்

ஒரு மொழி மற்றொரு மொழியிடம் சொற்களைக் கடன் வாங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் தமிழும் போர்த்துக்கீசியரிடமிருந்து ஜன்னல், சாவி, அலமாரி முதலிய சொற்களைப் பெற்றிருக்கிறது. பொருள் வந்தது, அதனுடன் பெயரும் வந்தது. போர்த்துக்கீசியர் எதை அப்பெயரால் அழைத்தார்களோ அதையேதான் நாமும் அழைக்கிறோம். இத்தகைய கடனில் வியப்புக்கு இடமில்லை.

வேறொரு வகைக் கடனும் உண்டு. அதில் சொல் மட்டுமே எல்லையைக் கடந்து வரும்; அதன் பொருள் பிறந்த நாட்டிலேயே தங்கிவிடும். கடன் வாங்கியவர்கள் தாங்கள் பட்டதையும் கண்டதையுமே அச்சொல்லுக்குப் பொருளாக அமைத்துக்கொள்வார்கள். ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற 'பிளிட்ஸ்' என்னும் சொல் இவ்வகையைச் சேர்ந்தது.

ஜெர்மன் மொழியில் பிளிட்ஸ் என்றால் மின்னல். இன்றைய ஆங்கிலத்திலோ அது எட்டு மாத காலக் குண்டுவீச்சைக் குறிக்கும். விளம்பரப் பெருக்கைக் குறிக்கும். வீட்டைத் துப்புரவு செய்வதைக் குறிக்கும். சதுரங்கத்தில் ஒரு பந்தயத்தைக் குறிக்கும். வெங்காயத்தை மின் அரைப்பானில் இட்டு நொடிப்பொழுதில் அரைப்பதையும் குறிக்கும். வானத்து மின்னல் இத்தனை வேலைகளுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்போமாயின், ஒரு சொல்லின் கதையோடு இருபதாம் நூற்றாண்டின் பெருந்துயரம் ஒன்றின் கதையும் நமக்குத் தெரியவரும்.

முதலில் அச்சொல்லின் பிறப்பிடத்துக்குச் செல்வோம். ஒளிர்தல், பளிச்சிடுதல் என்ற பொருள் கொண்ட பழைய ஜெர்மன் வினையடியிலிருந்து அது பிறந்தது. பார்வை என்பதற்கு ஜெர்மானியர் வழங்கும் 'பிளிக்' என்ற சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கண்ணின் வீச்சும் மேகத்தின் வீச்சும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது இனிமையான செய்தி அன்றோ? ஜெர்மனியில் இச்சொல் இன்றும் தன் பழைய இயல்பிலேயே வாழ்கிறது. இடிதாங்கி அங்கே 'பிளிட்ஸ் ஆப்லைட்டர்'. புகைப்படக் கருவியின் பளிச்சொளியும் பிளிட்ஸ்தான். மாசு மறுவின்றித் துலக்கிய பாத்திரத்தையோ தரையையோ 'பிளிட்ஸ்பிளாங்க்' என்பார்கள். அளவுக்கு மீறிய வேகத்தில் செல்லும் வாகனங்களைப் படம்பிடிக்கும் சாலையோரக் கருவிக்குங்கூட அவ்வினையிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒளியும் விரைவும் ஆகிய இரண்டுமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை.

ஆங்கிலம் பேசுவோருக்கு இச்சொல் முதலில் அறிமுகமானது குழந்தைகளின் உலகத்தில். 1823-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த டிராய் நகரப் பத்திரிகை ஒன்றில் கிறிஸ்துமஸ் பற்றிய கவிதை ஒன்று வெளியாயிற்று. பரிசுகள் கொண்டுவரும் தாத்தாவின் வண்டியை இழுக்கும் எட்டுப் பனிநாட்டு மான்களுக்கு அக்கவிதை பெயர் சூட்டியது. அவற்றுள் இரண்டின் பெயர்கள் டச்சு மொழியில் இடி என்றும் மின்னல் என்றும் பொருள்படுவன. பிற்காலப் பதிப்புகளில் மின்னலின் பெயர் ஜெர்மன் வடிவம் பெற்று 'பிளிட்ஸன்' ஆயிற்று. ஆகவே நூறாண்டுக்கு மேலாக, ஆங்கிலம் பேசும் சிறுவர்களுக்கு இச்சொல் கூரைமேல் துள்ளி ஓடும் ஒரு மானின் பெயராகவே பழக்கமாயிருந்தது. அதே கூரைகள்மேல் அது வேறு உருவில் வரப்போவதை எவரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

1930-களின் நடுவில் ஜெர்மன் இராணுவப் பத்திரிகைகளில் 'பிளிட்ஸ்கிரீக்' என்னும் கூட்டுச்சொல் ஆங்காங்கே காணப்படலாயிற்று. கிரீக் என்றால் போர். மின்னல் போர் என்று நாம் அதைத் தமிழாக்குகிறோம். முதல் உலகப் போரில் ஆண்டுக் கணக்கில் பதுங்குகுழிகளில் சிக்கிக் களைத்து, உணவும் மூலப்பொருளும் இன்றித் தோற்ற நாடு ஜெர்மனி. நீண்ட போரைத் தாங்க இயலாத நாடு, போரை விரைவில் முடிக்கவேண்டும் என்ற கருத்தை அச்சொல் உணர்த்திற்று. ஆயினும் அது ஜெர்மன் படையின் அதிகாரபூர்வமான கோட்பாட்டுப் பெயராக இருந்ததில்லை என்பதை இன்றைய சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

அச்சொல்லுக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர்கள் ஆங்கிலப் பத்திரிகையாளர்களே. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. டாங்கிகளும் விமானங்களும் ஒன்றுசேர்ந்து முன்னேறிய வேகத்தைக் கண்ட அமெரிக்க 'டைம்' வார இதழ், அம்மாதம் 25-ஆம் தேதி இதழில் இதை மின்னல் போர் என்று விளக்கி, ஜெர்மன் சொல்லையே எடுத்தாண்டது. 1940 மே 10-ஆம் தேதி ஜெர்மன் படைகள் மேற்கு நோக்கித் திரும்பின. ஜூன் 22-ஆம் தேதி பிரான்ஸ் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. ஆறே வாரங்களில் ஒரு வல்லரசு வீழ்ந்தது. அச்சொல் எல்லோர் வாயிலும் புகுந்தது. இதில் விந்தை யாதெனில், ரஷ்யப் போர் நீண்டுகொண்டே போன 1941 நவம்பரில் மியூனிக் நகரில் பேசிய ஹிட்லர், அச்சொல்லைத் தாம் ஒருபோதும் வழங்கியதில்லை என்றும் அது அறிவற்ற சொல் என்றும் கூறினார். கடன் கொடுத்தவரே தமதன்று என்று கைவிட்ட சொல்லை, கடன் வாங்கியவர்கள் விடவில்லை.

1940 செப்டம்பர் 7-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல். முந்நூறுக்கும் மேற்பட்ட ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட போர் விமானங்களின் காவலுடன், லண்டன் நகரின் கிழக்குப் பகுதியை நோக்கி வந்தன. தேம்ஸ் நதிக்கரைத் துறைமுகக் கிடங்குகளில் மரமும் சர்க்கரையும் ரப்பரும் பற்றி எரிந்தன. அத்தீயே விளக்காக, இரவிலும் விமானங்கள் திரும்ப வந்தன. ஏறத்தாழ 430 பேர் மாண்டனர். அதன்பின் இரண்டு மாத காலம் அநேகமாக ஒவ்வோர் இரவும் அந்நகரம் தாக்கப்பட்டது.

தாக்குதல் தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே லண்டன் நாளிதழ்கள் பிளிட்ஸ்கிரீக் என்ற நீண்ட சொல்லை இரண்டாக வெட்டி, முற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டன. தலைப்புக்கு இடம் குறைவு. சொல்லும் சுருக்கென்று இருந்தது. ஜெர்மானியன் ஒருவன் அதைக் கேட்டால், லண்டன்மீது மின்னல் விழுகிறது என்றே பொருள் கொண்டிருப்பான். லண்டன்வாசிகளோ அபாயச் சங்கு, இருட்டடிப்பு, தூங்காத இரவு, காலையில் எழுந்து பார்த்தால் காணாமற் போயிருக்கும் அடுத்த வீடு, இவை எல்லாவற்றையும் சேர்த்து பிளிட்ஸ் என்றார்கள்.

இங்கு ஒன்றை நாம் கூர்ந்து கவனிக்கவேண்டும். மின்னல் போர் என்பதன் உயிர்நாடி விரைவு. லண்டன்மீது நடந்த தாக்குதலிலோ விரைவே இல்லை. அது செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம்வரை எட்டு மாதங்கள் நீண்டது. டாங்கிகள் வரவில்லை, எல்லை மாறவில்லை, முடிவும் ஏற்படவில்லை. விரைந்து முடிவதைக் குறித்த சொல், முடிவின்றி நீண்டதைக் குறிக்கலாயிற்று. தாக்கியவர்கள் தங்கள் வேகத்தைப் பற்றிப் பேசியபோது பிறந்த சொல், தாக்கப்பட்டவர்களின் பொறுமைக்குப் பெயராயிற்று. இந்தப் பொருள் மாற்றத்தைச் செய்தவர்கள் அகராதி ஆசிரியர்கள் அல்லர். நிலவறைகளில் இரவைக் கழித்த சாதாரண மக்களே.

அவர்கள் எவ்வாறு கழித்தார்கள் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். பாதாள ரயில் நிலையங்களைப் புகலிடமாக்க அரசாங்கம் முதலில் விரும்பவில்லை. மக்கள் மிகக் குறைந்த கட்டணத்துக்குப் பயணச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். மீண்டும் மேலே வரவில்லை. அரசாங்கம் இணங்க நேர்ந்தது. செப்டம்பர் மாத இறுதியில் ஓரிரவு எண்ணியபோது 1,77,000 பேர் அந்த நடைமேடைகளில் படுத்திருந்தனர். அங்கும் முழுமையான பாதுகாப்பு இல்லை. அக்டோபர் 14-ஆம் தேதி பாலம் என்னும் பகுதியின் பாதாள நிலையத்துக்கு மேலே குண்டு விழுந்து, அறுபதுக்கும் மேற்பட்டோர் உள்ளே மாண்டனர்.

வானொலியும் இதற்குத் தப்பவில்லை. அடுத்த நாள், அக்டோபர் 15-ஆம் தேதி இரவு, பிபிசியின் தலைமை நிலையக் கட்டடத்தில் விழுந்த குண்டு ஏழு ஊழியர்களின் உயிரைக் கொண்டது. அதே கட்டடத்தில் ஒன்பது மணிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் வாசிப்பை நிறுத்தாமல் தொடர்ந்தார். இந்தியர்களும் அந்நகரில் அந்நாட்களைக் கண்டனர். செயின்ட் பாங்க்ராஸ் வட்டாரத்தில் நகராட்சி உறுப்பினராயிருந்த வி.கே. கிருஷ்ண மேனன் அங்கே விமானத் தாக்குதல் பாதுகாப்புக் காவலராகவும் பணியாற்றினார். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு பிறந்ததும் இக்காலத்தில்தான். அது 1941 மே 3-ஆம் தேதி தொடங்கிற்று. ஒரு வாரம் கழித்து, மே 10-ஆம் தேதி இரவில், லண்டன்மீது கடைசிப் பெருந்தாக்குதல் நடந்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் அந்த ஓரிரவில் இறந்தனர். பாராளுமன்றத்தின் மக்கள் சபை மண்டபமும் அழிந்தது.

எட்டு மாதங்களில் பிரிட்டனில் உயிரிழந்த பொதுமக்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் லண்டன்வாசிகள். மற்றவர்கள் லிவர்பூல், பிளிமத், ஹல், பெல்பாஸ்ட், கிளாஸ்கோவை அடுத்த கிளைட்பாங்க் முதலிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். இவ்வளவையும் தாங்கி நிற்பது அந்தச் சிறு சொல்.

ஜெர்மானியரும் ஒரு சொல் கடன் வாங்கினார்கள். 1940 நவம்பர் 14-ஆம் தேதி இரவில் கவென்ட்ரி என்னும் தொழில் நகரம் தாக்கப்பட்டது. அறுநூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாண்டனர். இடைக்காலத்தில் எழுந்த அதன் பெரிய தேவாலயம் சுவர்கள் மட்டும் நிற்கும்படி எரிந்தது. ஜெர்மன் பிரசாரகர்கள் அந்நகரின் பெயரையே வினைச்சொல்லாக்கி, ஒரு நகரத்தை அடியோடு அழிப்பதற்கு 'கவென்ட்ரி செய்தல்' என்னும் பொருளில் ஒரு சொல்லை உண்டாக்கினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் அச்சொல்லையும் எடுத்து எழுதின. ஆனால் அது நிலைக்கவில்லை. வெற்றிக் களிப்பில் ஆக்கப்பட்ட சொல் மறைந்தது. துன்பப்பட்டவர்கள் ஏற்றுக்கொண்ட சொல் நின்றது.

இவ்வாறு கூறியதோடு நாம் நிறுத்திவிட முடியாது. சொல்லின் சரித்திரத்தில் அது எங்கெல்லாம் வழங்கப்பட்டது என்பதைப் போலவே, எங்கே வழங்கப்படவில்லை என்பதும் ஆராய வேண்டியதாகும். 1943 ஜூலை இறுதியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரை ஒரு வார காலத்துக்கு மேல் தாக்கின. தீ சூறாவளியாக மாறித் தெருக்களில் சுழன்றது. அங்கே மாண்டவர்கள் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. எட்டு மாதங்களில் பிரிட்டன் முழுவதும் இழந்த உயிர்த்தொகையை இது நெருங்குகிறது. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் நகரில் ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேர் மாண்டனர். குண்டு ஒன்றுதான், எரிந்தது மனிதர் வாழ்ந்த வீடுதான். ஆயினும் பெரிய எழுத்தில் எழுதப்படும் பிளிட்ஸ் என்னும் பெயர் அவற்றுக்கு வழங்குவதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சம்பவங்கள் 'போர்த்திட்டக் குண்டுவீச்சு' என்னும் அலுவலகப் பெயரிலேயே பெரிதும் பேசப்படுகின்றன. ஜெர்மானியருக்கும் அது பிளிட்ஸ் அன்று. அவர்கள் 'குண்டுப் போர்' என்றும் 'தீப்புயல்' என்றும் தங்கள் மொழியில் வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். லண்டன் தாக்குதலைக் குறிக்க நேரும்போது ஜெர்மன் எழுத்தாளர்கள் ஆங்கிலச் சுட்டுச்சொல்லையும் சேர்த்து 'த பிளிட்ஸ்' என்று எழுதுவதும் உண்டு. தங்கள் சொல்லைத் தாங்களே அயற்சொல்லாகத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள்!

போரைத் தொடங்கிய அரசாங்கமும் அதன் கொடுமைகளும் மறக்கத் தக்கவை அல்ல. இருப்பினும் நிலவறையில் மூச்சுத் திணறி இறந்த குழந்தை எந்த நாட்டினதாயினும் குழந்தையே. தனிப்பெயர் பெற்ற துன்பம் தலைமுறைகளின் நினைவில் தங்குகிறது; பெயரற்ற துன்பம் புள்ளிவிவரமாக நின்றுவிடுகிறது. ஒரு சொல்லுக்கு இத்தனை வலிமை உண்டு என்பதை அறிந்துகொள்வது சரித்திரம் படிப்போருக்கு இன்றியமையாதது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லண்டன் எரிந்துகொண்டிருந்த அதே குளிர்காலத்தில், 1941 பிப்ரவரி 1-ஆம் தேதி, அன்று பம்பாய் எனப்பட்ட மும்பையில் ஓர் ஆங்கில வாரப்பத்திரிகை தோன்றியது. ரூசி கரஞ்சியா தம் நண்பர்களுடன் சேர்ந்து அதைத் தொடங்கினார். அவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'பிளிட்ஸ்'. அன்னிய ஆட்சியையும் பிற்காலத்தில் ஊழலையும் தாக்கி எழுதிய அவ்விதழ், பின்னர் ஹிந்தி, உருது, மராத்தி மொழிகளிலும் வெளிவந்தது, 1990-களில் நின்றுபோயிற்று. லண்டனில் அடிபட்டவர்களின் சொல்லாக இருந்தது, அதே மாதங்களில் பம்பாயில் அடிப்பவர்களின் சொல்லாக இருந்தது. பேனாவினால் தாக்குவதே இங்கே பிளிட்ஸ். கடலைத் தாண்டியவுடன் அச்சொல் பக்கம் மாறிவிட்டது எனலாம்.

போர் முடிந்தபின் அச்சொல் மேலும் எளிதாகப் பழகத் தொடங்கிற்று. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில், எதிரணியின் பந்தெறியும் வீரர்மீது வழக்கத்துக்கு மிகுதியான ஆட்கள் ஒருசேரப் பாய்வதற்கு அது பெயராயிற்று. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைப் பிடிக்கப் போலீசார் சில நாட்கள் முனைந்து செய்யும் சோதனை பிளிட்ஸ். ஒரு பண்டத்தைப் பற்றி எத்திசையிலும் விளம்பரம் செய்வது பிளிட்ஸ். விடுமுறை நாளில் வீட்டை ஒரே மூச்சில் ஒழுங்குபடுத்துவதும் பிளிட்ஸ். சமையல் குறிப்புகள் எழுதுவோர் அதை அடுப்பங்கரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மிக்ஸியில் இட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பதை அவர்கள் அச்சொல்லால் குறிக்கிறார்கள். இப்பிரயோகங்கள் யாவற்றிலும் நாம் காண்பது லண்டனின் எட்டு மாதம் அன்று. திடீரென்று, முழு வலிமையோடு, சிறிது நேரத்துக்குச் செய்யப்படும் தாக்குதல் என்ற பழைய பிளிட்ஸ்கிரீக்கின் சாயலே அவற்றில் மீண்டும் தலைகாட்டுகிறது.

ஒரே ஒரு துறையில்தான் அச்சொல் போரின் வாசனை குறைந்து, ஜெர்மன் மொழியில் இருந்த பொருளுக்கு அண்மையில் நிற்கிறது. அது சதுரங்கம். ஓர் ஆட்டக்காரருக்கு ஆட்டம் முழுமைக்கும் பத்து நிமிடமோ அதற்குக் குறைவாகவோ கால அளவு தரும் ஆட்டத்தை பிளிட்ஸ் என்கிறார்கள். ஜெர்மானியர் விரைவாட்டத்துக்கு இட்ட பெயரே அது. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த், இளமையில் காய்களை நகர்த்திய வேகத்தைக் கண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் அவரை 'மின்னல் சிறுவன்' என்று அழைத்தன. ஆங்கிலத்தில் மின்னலுக்கு உரிய சொந்தச் சொல்லையே அங்கே வழங்கினார்கள். வேகத்தை வியந்து பாராட்டுவதற்கு ஜெர்மன் சொல் பொருந்தாது என்று எண்ணினார்களோ என்னவோ; பாராட்டுக்கு இயற்கையின் மின்னலும், தாக்குதலுக்கு அயல்நாட்டு மின்னலுமாக ஆங்கிலத்தில் வேலை பிரிந்திருப்பது கவனத்துக்குரியது.

அழிவைக் குறித்த சொல் சமையலறைக்கு வந்தது தகுமா என்று சிலர் வினவலாம். சொற்களுக்கு நாம் காவல் போட முடியாது. காயம் ஆறினால்தான் கை மற்ற வேலைக்கு வரும். அதுபோல், ஒரு சொல் விளையாட்டுக்கும் வீட்டு வேலைக்கும் பயன்படுவது அம்மக்கள் அமைதியில் வாழ்கிறார்கள் என்பதற்கும் அடையாளமே. குண்டு விழும் ஊரில் எவரும் வெங்காயம் அரைப்பதை பிளிட்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பழக்கத்தினால் சொல் மழுங்கும்போது, அதன் கூர்மையை அறிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்தப் பாதாள நிலையங்களில் படுத்திருந்த குழந்தைகளில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மூப்பின் எல்லையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின் அச்சொல்லின் முழுப் பொருளையும் சொந்த அனுபவத்தால் அறிந்தவர் எவரும் இரார். அப்போது அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு சரித்திரத்தையே சாரும்.

ஆகவே ஆங்கிலப் பத்திரிகையிலோ நூலிலோ இச்சொல்லைக் காணும்போது, வேகம் என்ற ஒன்றை மட்டும் பொருளாகக் கொண்டு நாம் கடந்து செல்லலாகாது. எந்த ஆண்டு, எந்த ஊர், தாக்கியவர் சொல்கிறாரா தாக்கப்பட்டவர் சொல்கிறாரா என்று கேட்டுத் தெளிவு பெறவேண்டும். இக்கேள்விகள் வேறு பல சொற்களுக்கும் பொருந்தும். நம் மொழியிலும் போரிலிருந்து வந்து வீட்டில் புழங்கும் சொற்கள் இல்லாமல் இல்லை. படையெடுப்பு என்கிறோம், முற்றுகை என்கிறோம், சூறையாடினார்கள் என்கிறோம். பண்டிகைக் கூட்டம் கடைகளை முற்றுகையிட்டது என்று எழுதுகையில், ஏதோ ஒரு காலத்தில் கோட்டை மதிலுக்குள் தண்ணீரின்றித் தவித்தவர்களின் சொல்லையே நாம் எடுத்தாளுகிறோம். எழுதுவதில் தவறில்லை. அதை அறிந்து எழுதுவது நம் கடமை.